கலக்காத குட்டை

முதலில் குட்டையைச் சொல்லிவிட வேண்டும். மற்றதெல்லாம் அதிலிருந்து வருவதுதான்.

சேர்வராயன் மலையில், கொட்டச்சேட்டில் அம்மாசியின் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற அந்தக் குட்டையை யாரும் வெட்டவில்லை. மேட்டில் பலாமரத்து வேருக்கு அடியிலிருந்து ஊற்று ஒன்று கசிந்து, இறங்கி வந்து, பாறை குழிந்த இடத்தில் தேங்கி நிற்கிறது. ஒரு பக்கம் எஸ்டேட் வேலி, மறுபக்கம் சாமைக் காடு. குடிப்பதற்கு ஊற்றுத் தண்ணீர்; மாட்டுக்கும் காப்பி நாற்றுக்கும் குட்டைத் தண்ணீர். அதற்குள் விரல் நீள அயிரை இருந்தது, நண்டும் நத்தையும் இருந்தன. தவளை, சொல்லி மாளாது. தவளையைத் தின்னத் தண்ணீர்ப்பாம்பு வரும். பாம்பைத் தூக்கப் பருந்து வரும். எதுவும் அளவு மீறியதில்லை.

மீறாததற்குக் காரணம் இருந்தது. வைகாசியில் சேர்வராயன் கோயில் நோம்பித் திருவிழாவுக்கு முன்னால் அந்த வீட்டார் வருஷா வருஷம் குட்டையைக் கலக்குவார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, காலால் சேற்றைக் கிளறி, மயங்கி மேலே வருவதைக் கூடையில் அள்ளுவார்கள். சேறு காட்டுக்கு உரம். மீனும் நண்டும் அன்றைக்குச் சட்டிக்கு. எல்லாம் முடிந்தபின் ஒரு குடம் அயிரையை மட்டும் ஊற்றுக்கண்ணில் திரும்ப விடுவார்கள். அதற்கு ‘விதை விடுறது’ என்று பெயர். வீட்டில் சாவு விழுந்து, காரியம் முடியாமல் தீட்டு நின்றால் மட்டும் கலக்கக் கூடாது.

அந்தக் குட்டையில் ஜிலேபிக் கெண்டையைக் கொண்டுவந்து விட்டவன் பொன்னுவேல். அம்மாசிக்கும் கண்ணம்மாளுக்கும் ஒரே மகன். காப்பி எஸ்டேட்டில் மரமேறி, நிழல் மரங்களின் கிளையைக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தவன், அது சலித்துப்போய், திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் சேர்ந்தான். ஊர் ஊராகப் போய்ப் பூமியில் குழாய் இறக்கித் தண்ணீர் எடுக்கிற வண்டி அது. வடக்கே நாக்பூர் வரைக்கும் போகும். மழைக்காலத்தில் ஆட்களை ஊருக்கு அனுப்புவார்கள். எண்பத்தொன்றாம் வருஷம் ஐப்பசியில் அப்படி வந்தவன், மடியில் ஒரு எவர்சில்வர் தூக்குப்போசியை வைத்துக்கொண்டு வந்தான். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் தண்ணீர் ததும்பி வேட்டியெல்லாம் ஈரம்.

“என்னடா சாமி, போசி ததும்புது?” என்றாள் கண்ணம்மாள்.

“பஸ்ஸில கண்டக்டரும் இதையேதாம்மா கேட்டாரு. ‘கொழம்பா தம்பி, ஊத்திராத’ன்னாரு. ‘இன்னும் கொழம்பு ஆவலீங்க, ஆவறதுக்குத்தான் ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறனுங்க’ன்னேன். பஸ்ஸே சிரிச்சுது.”

மூடியைத் திறந்தால் உள்ளே நகத்தளவு மீன்குஞ்சுகள்.

“இதென்ன சாதி?” என்று அம்மாசி குனிந்து பார்த்தார்.

“ஜிலேபிக் கெண்டைங்கப்பா. மேட்டூர்ல ஒரு சினேகிதன் புடிச்சுக் குடுத்தான். உள்ளங்கை தண்டிக்கு வருமாம். எத்தனை நாளைக்கு அயிரையவே மென்னுக்கிட்டுக் கெடக்கறது?”

“அயிரைக்கு என்ன கொறச்சல்? அப்படியே முழுங்கலாம்.”

கண்ணம்மாள் சிரித்துவிட்டாள். அவனுக்குச் சின்ன வயதில் தொண்டையில் முள் சிக்கி, உயிர் போய் உயிர் வந்தது. அன்றிலிருந்து முள் மீன் என்றால் அம்மா எடுத்துக் கொடுத்தால்தான் தின்பான். மீசை முளைத்த பிறகும் அப்படித்தான்.

“முள்ளு மீனைப் போயித் தேடிப் புடிச்சாந்திருக்கற. ஆருடா எடுத்துக் குடுப்பா?”

“நீதான். வேற ஆரு?”

திரும்பப் போகிற அன்றைக்கு அதே தூக்குப்போசியில் அவள் எள்ளுப்பொடி நிரப்பிக் கொடுத்தாள். அவன் குட்டைப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்: “பெருசாவட்டும்மா. அடுத்தாப்பல வர்றப்ப கொழம்பு வெச்சுக் குடு. அதுக்கு முந்தி ஆரும் கை வெக்கப்படாது. அப்பா, உங்களைத்தான் சொல்றேன்.”

அடுத்து வந்த வைகாசியில் குட்டையைக் கலக்கவில்லை. கலக்க வேண்டிய நேரத்தில்தான் தேவசிகாமணி என்கிற ரிக் வண்டி மேனேஜர் கொட்டச்சேட்டுக்கு வந்து இறங்கினார். ஒரு ரெக்சின் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நாக்பூருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு ஊரில், தூக்கி நிறுத்திய குழாய் சங்கிலியிலிருந்து நழுவிவிட்டது என்றார்.

“கொண்டாற வழியில்லாமப் போச்சுங்க. அங்க வெயிலு நெருப்பாட்டம் காயுது. ஐஸ் கிய்ஸ் ஒண்ணும் கெடைக்கற ஊரில்லீங்க. அதனால அங்கயே...”

“பொதைச்சீங்களா?” என்றார் அம்மாசி.

தேவசிகாமணி தலையைக் குனிந்துகொண்டார். மலை ஆட்கள் செத்தவர்களைப் புதைப்பார்கள் என்று அவருக்குத் தெரியாது. எரித்துவிட்டிருந்தார்கள்.

பையில் இரண்டு சட்டை, ஒரு துண்டு, சீப்பு, தூக்குப்போசி. கண்ணம்மாள் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் பைக்குள் வைத்தாள்.

“இது அவன்றது இல்லீங்க.”

“கண்ணம்மா...”

“சட்டை கடையில விக்கறதுதானுங்க. போசியப் பாருங்க, பேரு வெட்டியிருக்குதா? எவர்சில்வர் போசியெல்லாம் ஒண்ணாட்டம்தான் இருக்கும். வேற எந்தப் பெத்தவளோ அங்க தேடிக்கிட்டிருப்பா. கொண்டுபோயி அவகிட்டக் குடுங்க சாமி.”

தேவசிகாமணி பையை வைத்துவிட்டுப் போனார். அம்மாசி அதைக் கூரைக்கடியில் அட்டாலியில் ஏற்றினார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் சாமைத் தவிட்டை முறத்தில் எடுத்துக்கொண்டு குட்டைக்குப் போனாள்.

அதற்கப்புறம் தினமும் போனாள். தவிடு, ராகிக்களி மிச்சம், பலாக்கொட்டையை வேகவைத்து நசுக்கியது. மீன்கள் அவள் காலடிச் சத்தத்துக்கே கரைக்கு வந்துவிடும். தண்ணீர் கொதிக்கிற மாதிரி வாயும் முதுகுமாகத் தெரியும். அவள் கரையில் குந்தி உட்கார்ந்து, “இன்னும் சின்னதாத்தான் இருக்கறீங்க. தின்னுங்க, தின்னுங்க. அவன் வர்றதுக்குள்ள தேறோணும்” என்பாள். மீன் சின்னதாக இருப்பதில் அவளுக்கு ஒரு நிம்மதியும் இருந்தது. மீன் பெருசாகவில்லை என்றால் அவன் சொன்ன காலம் இன்னும் வரவில்லை என்றுதானே அர்த்தம்? வீட்டுக்கு வந்தால் சட்டியில் தனக்கென்று சோறு வைத்துக்கொள்ள மாட்டாள். அம்மாசி அதட்டினால் இரண்டு வாய் தின்பாள்.

குட்டை மாறிக்கொண்டு வந்ததை அம்மாசி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். முதலில் அயிரை போயிற்று. பிறகு கரையோரப் புல்லில் தவளை முட்டை இழையிழையாகக் கிடக்குமே, அது இல்லை. இட்ட அன்றைக்கே ஜிலேபிகள் தின்று தீர்த்துவிடுகின்றன. தட்டான் குறைந்து கொசு கூடிற்று. ஐப்பசி மழையில் ஊர்க்குட்டைகளெல்லாம் தவளைச் சத்தத்தில் அதிர்ந்தபோது அவர் வீட்டுக்குப் பின்னால் மட்டும் ஊமையாக இருந்தது. தண்ணீர் பாசி பிடித்துக் கரும்பச்சையாக நின்றது. மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

கலக்கினால் சரியாகிவிடும். கலக்க வேண்டுமானால் தீட்டுக் கழிய வேண்டும். தீட்டுக் கழிய வேண்டுமானால் காரியம் செய்ய வேண்டும். காரியம் செய்ய, மகன் செத்துவிட்டான் என்று பெற்றவள் ஒத்துக்கொள்ள வேண்டும்.

எண்பத்துமூன்றாம் வருஷம் பங்குனியில் ஊர்க்கவுண்டர் சின்னையன் வீட்டுக்கு வந்தார். அம்மாசிக்கு அண்ணன் முறை.

“ஏந்தம்பி, போன நோம்பிதான் இல்லாமப் போச்சு. இந்த வைகாசிக்கும் பங்காளிங்க அத்தனை பேரும் கோயில் படி ஏறாம நிக்கறதா? என்ற ஊட்டுல ஒரு கண்ணாலம் நிக்குது. நான் அதுக்காகச் சொல்லலை.”

“உடம்பு இல்லாம என்னத்தப் பொதைக்கறதுங்கண்ணா?”

“அவன் காலு பட்ட மண்ணு ஒரு புடி போதும். மண்ணுக்கு மண்ணு. முன்னாடி கொடகு எஸ்டேட்டுக்குப் போயிச் செத்தவங்களுக்கு அப்படித்தான் செஞ்சிருக்கறாங்க.”

உள்ளேயிருந்து கண்ணம்மாளின் குரல் வந்தது. “உசுரோட இருக்கறவனுக்கு மண்ணு அள்ளிப் போடறதுன்னா, மொதல்ல என்ற மேல போட்டுட்டுச் செய்யுங்க மாமா.”

சின்னையன் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “காப்பித் தண்ணி வெக்கிறியான்னு கேக்கலாம்னு இருந்தேன். வேண்டாம் போ” என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. போய்விட்டார்.

அந்த வருஷம் பூமழை பெய்யவில்லை. மாசி பங்குனியில் ஒரு மழை விழுந்தால்தான் காப்பி பூக்கும். மொட்டுகள் காய்ந்து, தொட்டால் உதிர்ந்தன. ஊற்று நூலாக இளைத்தது. குட்டை சுருங்கிச் சுருங்கி முழங்கால் அளவுக்கு வந்துவிட்டது. மீன் மட்டும் குறையவில்லை.

சித்திரையில் ஒரு நாள் விடிகாலையில் கண்ணம்மாள் ஓடி வந்தாள்.

“ஏனுங்க, எந்திரிங்க. எல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுதுங்க. பசியில கேக்குதுங்களாட்டம் இருக்குது.”

அவர் போய்ச் சேர்வதற்குள் அவள் ஒரு முறம் தவிட்டையும் கொட்டிவிட்டிருந்தாள். ஒரு மீனும் அதைத் தொடவில்லை. குட்டை முழுக்க வட்ட வட்டமாக வாய்கள் திறந்து மூடின. ஓரத்தில் சில வெள்ளை வயிறு மேலாக மிதந்தன. அவள் இன்னொரு முறம் எடுக்கத் திரும்பினாள். அம்மாசி அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். அந்தக் கையின் வளையல், ஒரு காலத்தில் மணிக்கட்டில் இறுகிக் கிடந்தது, இப்போது முழங்கை வரை ஏறி நின்றது.

முதல் பஸ்ஸில் ஒண்டிக்கடை என்கிற கடைத்தெருவில் போய் இறங்கினார். அங்கே சையத் இப்ராஹிம் கருவாட்டுக் கடை வைத்திருந்தார். சேலத்திலிருந்து வந்த குடும்பம். ஏரியில் வலை போடவும் தெரியும்.

“வாங்க கவுண்டரே, நெத்திலி வந்திருக்குது. போடட்டுங்களா?” என்றவர், அம்மாசியின் முகத்தைப் பார்த்துத் தராசைக் கீழே வைத்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி மைமூன் டீ கொண்டுவந்து கொடுத்தாள். டீ ஆறுகிறவரை அம்மாசி எல்லாவற்றையும் சொன்னார்.

“பசியில்லைங்க அது, மூச்சு முட்டுது. கூட்டம் அதிகமாச்சு, தண்ணி கொறைஞ்சுபோச்சு. போடற தீனி வேற அழுகி மூச்சை அடைக்குது. பாதிக்கு மேல அள்ளி எறியாட்டி நாளைக்கோ மக்யாநாளோ அத்தனையும் மெதக்கும். தண்ணியும் போயிரும், மாடுகூட வாய் வெக்காது.”

“அது தெரியுதுங்க பாய். அவளுக்கு ஆரு சொல்றது?”

“அந்தம்மாவுக்கு நான் என்னத்தச் சொல்லுவேன்? நான் மீன்காரன். மீனைப் பத்தித்தான் சொல்லுவேன்.”

மைமூன் வாசலுக்கு வந்து நின்றாள். “பதனமாப் பேசுங்க. பெத்தவ வயிறு.”

இப்ராஹிம் வீச்சுவலையையும் ஒரு பக்கெட்டையும் எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் கூடவே வந்தார். வலையைக் கண்டதும் கண்ணம்மாள் எழுந்து குறுக்கே நின்றாள்.

“ஏனுங்க, மீனு வேணும்னா ஏரியில போயிப் போடச் சொல்லுங்க. இது என்ற மவன் உட்டது. அவன் வந்துதான் புடிப்பான்.”

“வலை போடலீங்கம்மா. ஒண்ணே ஒண்ணு கையில புடிச்சுப் பாத்துட்டு உட்டர்றேன். நோவு ஏதாச்சுமான்னு பாக்கோணும்ல?”

நோவு என்றதும் அவள் விலகினாள். இப்ராஹிம் கரையோரமாகக் கையை விட்டு ஒரு மீனை எடுத்தார். தலை பெருத்து, உடம்பு ஒட்டி, விரலைவிடக் கொஞ்சம் நீளம்.

“பாவம், குஞ்சு” என்றாள் கண்ணம்மாள். “எத்தனை போட்டாலும் வளரவே மாட்டீங்குது பாய். இன்னுங் கொஞ்சம் நாள் போனா வளருமுங்களா?”

இப்ராஹிம் மீனின் வாயைக் கட்டைவிரலால் மெல்லத் திறந்தார். உள்ளேயிருந்து கடுகு கொட்டுகிற மாதிரி என்னமோ சிதறிற்று. அவள் தன்னையறியாமல் இரண்டு கைகளையும் ஏந்தினாள். உள்ளங்கையில் விழுந்த துளித் தண்ணீரில் கண்ணும் வாலுமாக மீன்குஞ்சுகள் துடித்தன.

“ஐயோ, என்னங்க இது?”

“இதுக வாய்க்குள்ள வெச்சுத்தான் வளத்துமுங்க. வாயில குஞ்சு இருக்கறவரைக்கும் தாய்மீனு இரை எடுக்காது. பட்டினியாவே கெடக்கும்.”

அம்மாசி மனைவியைப் பார்க்காமல் பலாமரத்தைப் பார்த்தார்.

“நீங்க குஞ்சுன்னீங்களே அம்மா. குஞ்சுக்குக் குஞ்சு இருக்குமுங்களா?”

அவள் கையை அசைக்காமல் வைத்திருந்தாள்.

“இது வயசான மீனுங்க. வளர்ற காலமெல்லாம் போயாச்சு. வருஷா வருஷம் கலக்கி அள்ளியிருந்தா மிச்சம் இருக்கறது உள்ளங்கை தண்டிக்கு வந்திருக்கும். அள்ளாம உட்டா எடமில்லாம, தீனி எட்டாம, இப்படியே சின்னதாவே கெழடாயிரும். காத்திருந்தா பெருசாவற மீனில்லீங்கம்மா.”

“அப்ப அவன் சொல்லிட்டுப்போன நாளு...”

இப்ராஹிம் தாய்மீனைப் பக்கெட்டில் விட்டார். அவள் குனிந்து தன் கையில் இருந்ததையும் அதே பக்கெட்டில் விட்டாள். விரலில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தண்ணீரில் அலசி விட்டாள். பிறகு கரையில் உட்கார்ந்துகொண்டாள். குட்டையில் வாய்கள் திறந்து மூடிக்கொண்டே இருந்தன. எஸ்டேட் சங்கு ஊதிற்று. வேலியோரம் போன பெண்கள் இரண்டு பேர் இப்ராஹிமைப் பார்த்து, “என்ன பாய், கருவாடு காயப் போட எடம் பாக்க வந்தீங்களா?” என்று ஆரம்பித்து, கண்ணம்மாளைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டு நடந்தார்கள்.

அவர்கள் போனதும் அவள் கூப்பிட்டாள்: “ஏனுங்க.”

“சொல்லு புள்ள.”

“குட்டையைக் கலக்கோணும்னா காரியம் முடிஞ்சிருக்கோணுமல்லங்க?”

அம்மாசி தலையை ஆட்டினார்.

“அப்ப சின்னையன் மாமன்கிட்டச் சொல்லிருங்க. நாளைக்கே வெச்சுக்கச் சொல்லுங்க. இதுக நொம்பத் தவிக்குதுங்க.”

மறுநாள் காலையில் ஊர் கூடிற்று. குட்டையை நோக்கிப் போகிற ஒற்றையடிப் பாதையில், அவன் கடைசியாக நடந்த இடம் இதுதான் என்று அவளே காட்டினாள். அங்கே ஒரு பிடி மண் எடுத்து, கோடித்துணியில் முடிந்து, பலாமரத்துக்கு மேற்கே குழி வெட்டி வைத்தார்கள். அம்மாசி மூன்று முறை மண் தள்ளினார். அவள் அழுதாள். ஒரு வருஷத்து அழுகை. பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

தீட்டுக் கழிந்தது என்று சின்னையன் சொன்ன பிறகு குட்டையைக் கலக்கினார்கள். பங்காளிகள் இறங்கிச் சேற்றைக் கிளற, இப்ராஹிம் வலையால் வளைத்தார். கூடை கூடையாக வந்தது. எல்லாம் விரல் நீளம், பெருத்த தலை. “ஒண்ணும் மிச்சம் வெக்காதீங்க. ரெண்டு தப்பிச்சாலும் மறுபடியும் இதே கதைதான். தண்ணியச் சுத்தமா வடிச்சு, சேறு வெடிக்கறவரைக்கும் காய உடுங்க” என்றார். அயிரை ஏதாவது இருக்கிறதா என்று அம்மாசி சேற்றைத் துழாவித் துழாவிப் பார்த்தார். ஊற்றுக்கண்ணில், ஜிலேபி நுழைய முடியாத பாறை இடுக்கில், கொஞ்சம் ஒண்டிக் கிடந்தன. அவற்றைக் குடத்தில் எடுத்து மூடி வைத்தார். இந்த விதை போதுமா என்று அவருக்குத் தெரியவில்லை. தவளை ஒன்றுகூட அகப்படவில்லை.

படையலுக்குக் கண்ணம்மாள் தானே அடுப்பு மூட்டினாள். ஒரு கூடை மீனை ஆய்ந்து, மிளகும் மல்லியும் அரைத்துக் குழம்பு வைத்தாள். கொதி வந்ததும் அட்டாலியைக் காட்டி, “அந்தப் பையை எறக்குங்க” என்றாள்.

அம்மாசி இறக்கினார். அவள் தூக்குப்போசியை எடுத்துச் சாம்பல் போட்டுத் துலக்கினாள். மூடியின் ஓரத்தில் எள்ளுப்பொடி கறுப்பாக ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டி எடுத்தாள். குழம்பை அதில் ஊற்றி மூடி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ததும்பாமல் மேடு ஏறினாள்.

குழிமேட்டுக்கு முன்னால் இலை போட்டுச் சாமைச்சோறு வைத்தார்கள். அவள் குழம்பை ஊற்றினாள். சின்னையன் சூடத்தை எடுத்தார். அவள் எழுந்திருக்காமல் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு மீனை எடுத்து, முதுகைப் பிளந்து முள்ளை உருவினாள்.

“படையலுக்கு முள்ளு எடுக்கற வழக்கம் இல்லையே புள்ள” என்றார் அம்மாசி மெதுவாக.

“அவனுக்கு உண்டுங்க.”

சின்ன மீன். சதை ஒரு பொட்டு, மற்றதெல்லாம் முள். அவள் நகத்தால் கிள்ளிக் கிள்ளி எடுத்து இடது உள்ளங்கையில் சேர்த்தாள். சதையைச் சோற்றின் ஓரமாக ஒதுக்கி வைத்தாள். அடுத்த மீனை எடுத்தாள். குழம்பு ஆறி ஏடு கட்டிற்று. நின்றவர்கள் கால் மாற்றி நின்றார்கள். மேலே பலாமரத்தில் காகங்கள் வந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. மேற்கே வெள்ளோக்கு மரங்களுக்குப் பின்னால் வெயில் இறங்கிற்று.

“பெருசா இருந்திருந்தா முள்ளும் பெருசா இருந்திருக்கும். எடுக்கச் சுளுவா இருந்திருக்கும்” என்றாள், யாரையும் பார்க்காமல்.

சின்னையன் தீக்குச்சியைக் கிழித்தார். அவள் கையை உயர்த்தினாள்.

“இருங்க மாமா. பத்த வெக்காதீங்க. இன்னும் முள்ளு கெடக்குது.”